பார்சிலோனாவிலிருந்து வலென்சியாவுக்கு ரயிலில் ஒரு நாள்: எந்த வழி, எந்த நேரம்?

ஸ்பெயினுக்குப் போகிற தம்பதிகளில் பலர் பார்சிலோனாவில் நாலு நாள், வலென்சியாவில் மூணு நாள் என்கிற மாதிரி திட்டம் போடுகிறார்கள். இரண்டுமே மத்தியதரைக் கடலோர ஊர்கள். நடுவில் சுமார் 350 கிலோமீட்டர். ஊர்களைப் பற்றி மாதக்கணக்கில் படித்துவிட்டு, ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறுகிற அந்த நாளை மட்டும் 'ரயிலில் மூணு மணி நேரம்தானே' என்று விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால் அந்த நாள் மூட்டை முடிச்சோடு காத்திருப்பதிலேயே போய்விடும். கொஞ்சம் யோசித்தால் பயணத்தின் நல்ல நாட்களில் ஒன்றாகவும் ஆகும்.

எது வேகம், எது மலிவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அன்றைய மதியச் சாப்பாடு எந்த ஊரில் என்பதைத்தான். காரணம் இருக்கிறது. ஹோட்டல் அறையை 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறை கிடைக்க இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். ஸ்பெயினில் மதியச் சாப்பாட்டு நேரம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை. அதற்கப்புறம் பல உணவகங்களில் சமையலறையை மூடிவிடுவார்கள், இரவு எட்டு, எட்டரைக்குத்தான் திரும்பத் திறப்பார்கள். நீங்கள் ஏறும் ரயில் இந்த நேரங்களுக்கு நடுவில் எங்கே விழுகிறது என்பதுதான் நாளைத் தீர்மானிக்கிறது.

நேரடி ரயில்: காலையா, மதியமா, மாலையா

நேரடி வண்டியின் பெயர் யூரோமெட். ஸ்பெயினின் அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபே 1997 முதல் இதை ஓட்டுகிறது. பார்சிலோனா சான்ட்ஸ் நிலையத்தில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் வலென்சியாவின் ஹொவாகின் சொரோயா நிலையம். இதே வழியில் இன்டர்சிட்டி என்ற பெயரிலும் சில வண்டிகள் போகும். நிறுத்தங்கள் கூடுதல், நேரமும் கூடுதல்.

காலை எட்டு மணி வாக்கில் கிளம்பும் வண்டியைப் பிடித்தால் பதினொன்றுக்கெல்லாம் வலென்சியா. அறை தயாராக இருக்காது, ஆனால் பெட்டிகளை வரவேற்பில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியே மத்தியச் சந்தைக்கு நடந்துவிடலாம். 1928-இல் திறந்த பெரிய கூடம். மதியம் மூன்று மணி வாக்கில் மூடிவிடும், ஞாயிறு விடுமுறை. அங்கே ஒரு சுற்று சுற்றிவிட்டு இரண்டு மணிக்கு பயேயா என்கிற அந்த ஊர் அரிசிச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். வலென்சியாக்காரர்கள் பயேயாவை மதியத்தில்தான் சாப்பிடுவார்கள். பெரும்பாலான நல்ல இடங்களில் குறைந்தது இரண்டு பேருக்குத்தான் போடுவார்கள் என்பதால் தம்பதிகளுக்கு அதில் சிக்கலே இல்லை. ஒருவர் சைவம் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். ஊர்முறைப்படியான பயேயாவில் கோழியும் முயலும் போடுவார்கள், கூடவே பட்டைப் பீன்ஸும் பெரிய வெள்ளை மொச்சையும் இருக்கும். காய்கறி பயேயா தனியாகக் கிடைக்கும். ஆனால் அரிசி எந்தச் சாற்றில் வெந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள், இறைச்சி அல்லது மீன் சாறாக இருக்கலாம். நான் சைவம், என் கணவர் எல்லாம் சாப்பிடுவார். ஒரே தட்டு இரண்டு பேருக்கும் என்பதால் எங்கள் வீட்டில் பயேயா என்றால் காய்கறிதான்.

பன்னிரண்டு, ஒரு மணி வண்டியைத்தான் பலரும் எடுக்கிறார்கள். அறையைக் காலி செய்துவிட்டு நிதானமாகக் கிளம்பலாம், போய்ச் சேரும்போது அறையும் தயாராக இருக்கும் என்ற கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் மதியச் சாப்பாடு போய்விடும். ரயிலில் ரொட்டிக்குள் எதையாவது வைத்து விற்பதைச் சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்கு இறங்கினால், சமையலறைகள் மூடியிருக்கும் வேளையில் ஊருக்குள் நுழைகிறீர்கள். பார்சிலோனாவிலும் பாதி நாள், வலென்சியாவிலும் பாதி நாள், இரண்டும் உருப்படியாகாது. மூன்று நேரங்களில் இதைத்தான் நான் வேண்டாம் என்பேன். வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள், முந்தின இரவு தாமதமாகத் தூங்கியவர்கள் எடுத்தால் அது வேறு விஷயம்.

மாலை ஆறு மணிக்கு மேல் கிளம்பும் வண்டியை நம்மூர் ஆட்கள் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குத் தெரியாத ஊரில் இறங்குவதா என்று தயக்கம். ஸ்பெயினில் ஒன்பது மணி என்பது சாப்பாட்டு நேரம். தெருவில் குழந்தைகளே விளையாடிக்கொண்டிருப்பார்கள். சான்ட்ஸ் நிலையத்தில் பெட்டி வைக்கும் பாதுகாப்பறை இருக்கிறது. காலையில் அங்கே வைத்துவிட்டால் பார்சிலோனாவில் ஒரு முழு நாள் கையில் கிடைக்கும். அந்த ஊரில் இன்னும் பார்க்க வேண்டியது பாக்கி இருப்பவர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. வலென்சியாவில் தங்கும் இடம் தனியார் வீடா, ஹோட்டலா என்பதை மட்டும் பாருங்கள். ராத்திரி சாவி கொடுக்க ஆள் இருக்க வேண்டுமே.

கடல் எங்கே?

இதைத் தெரியாமல் டிக்கெட் எடுக்கிறவர்கள்தான் அதிகம். கடலோரப் பாதை என்று சொல்லித்தான் யூரோமெட்டைப் பரிந்துரைப்பார்கள், ஆனால் அதில் கடல் அவ்வளவாகத் தெரியாது. பார்சிலோனாவிலிருந்து கிளம்பியதும் அது மாட்ரிட் போகும் அதிவேகப் பாதையில் உள்நாட்டுப் பக்கம் திரும்பி, பெனெதெஸ் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிறது. வழியில் வரும் தாரகோனா ஊருக்குத் தெற்கே முன்பெல்லாம் சலோவ், காம்ப்ரில்ஸ் கடற்கரைகளை ஒட்டியே ரயில் போகும். அது ஒற்றைத் தடம். எதிரே வரும் வண்டிக்காக நிற்க வேண்டியிருந்ததால் தாமதம் சகஜம். 2020 ஜனவரியில் உள்ளே தள்ளி இரட்டைத் தடம் போட்டுப் பழைய பாதையை மூடிவிட்டார்கள். பயண நேரம் நன்றாகக் குறைந்தது, ஜன்னலில் கடலும் குறைந்தது. அப்புறம் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்தின் நெல் வயல்கள், காஸ்தெயோன் பக்கம் மைல்கணக்கில் ஆரஞ்சுத் தோப்புகள், இடையிடையே தூரத்தில் ஒரு நீலக்கோடு. அழகுதான், ஆனால் நீங்கள் மனதில் வைத்திருந்த காட்சி அது இல்லை.

கடலை ஒட்டிப் போக வேண்டுமானால் பார்சிலோனாவிலிருந்து தாரகோனா வரை சாதாரண வட்டார ரயிலில் ஏற வேண்டும். சான்ட்ஸிலும் ஏறலாம், நகர நடுவில் பசேய்க் தெ கிராசியாவிலும் ஏறலாம். கட்டணம் ஒருவருக்குச் சுமார் 10 யூரோதான்; முன்பதிவு கிடையாது, இருக்கை எண் கிடையாது, பெட்டிச் சோதனையும் கிடையாது. ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். வில்லாஃப்ராங்கா வழியாகப் போகிற வண்டியும் உண்டு, அதில் ஏறினால் கடல் கிடைக்காது. விலானோவா வழி வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். உட்கார வேண்டியது இடப்பக்கம்.

காஸ்தெல்தெஃபெல்ஸ் தாண்டியதும் கராஃப் குன்றுகள் நேராகக் கடலில் இறங்கும். 1881-இல் போட்ட பாதை அந்தப் பாறையைக் குடைந்து குடைந்து போகிறது. ஒரு குகைக்குள் இருட்டு, வெளியே வந்தால் கண்ணைக் கூசும் நீலம், எண்ணி முடிப்பதற்குள் மறுபடி இருட்டு. ஜன்னலுக்கு நேர் கீழே அலை பாறையில் அடிப்பது தெரியும். நான் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குகை வாயிலுக்கும் தயாராக, "ஏங்க, இப்ப வருது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "போனை வெச்சிட்டு நீயும் பாரேன்" என்றார். வைத்துவிட்டேன். சித்ஜஸ் வரும் வரை அப்படித்தான். அதற்கப்புறம் பாதை கொஞ்சம் உள்ளே போய், தாரகோனாவை நெருங்கும்போது மறுபடியும் மணலோரத்துக்கு வந்துவிடும். ஊருக்குள் நுழையும் அந்தக் கடைசி நிமிடத்தில் மட்டும் வலப்பக்கம் திரும்புங்கள்: தண்டவாளத்துக்கு மேலே, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானியர்கள் கட்டிய வட்டரங்கு நிற்கிறது.

தாரகோனாவில் இறங்கிப் போகும் வழி

எனக்கு இதுதான் பிடித்த தேர்வு. ஆனால் எல்லோருக்கும் சொல்ல மாட்டேன். காரணம் நிலையங்கள்.

வட்டார ரயில் நிற்பது கடற்கரையிலேயே இருக்கும் பழைய தாரகோனா நிலையத்தில். வலென்சியா போகும் யூரோமெட் அங்கே வராது. அது நிற்பது ஊரிலிருந்து பத்துக் கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவில் இருக்கும் காம்ப் தெ தாரகோனா நிலையத்தில். பெயரில் தாரகோனா இருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். ஊரின் பேருந்து நிலையத்திலிருந்து அங்கே பஸ் போகிறது, இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், இல்லாவிட்டால் டாக்சி. ஆகவே நாளின் வரிசை இது: காலை வட்டார ரயில், தாரகோனாவில் நாலைந்து மணி நேரம், பஸ், பிறகு யூரோமெட். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதை விட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கத்தலோனியாவின் வட்டார ரயில்களில் தாமதம் அடிக்கடி நடப்பது, பாதைப் பராமரிப்புக்காக அட்டவணையும் மாறும். நாலைந்து மணி நேர இடைவெளி வைத்தால் அதெல்லாம் பிரச்சினையே இல்லை, ஒரு மணி நேர இடைவெளி வைத்தால் நிம்மதி போய்விடும்.

அந்த நாலைந்து மணி நேரத்தில் என்ன செய்வது? நிலையத்திலிருந்து மேட்டில் ஏறினால் 'மத்தியதரைக் கடலின் மாடம்' என்று அழைக்கப்படும் காட்சி மேடை. அதன் இரும்புக் கம்பியைத் தொட்டால் நல்லது நடக்கும் என்பது ஊர் நம்பிக்கை. அந்த வழியாகப் போகிறவர்கள் தொட்டுவிட்டுத்தான் போகிறார்கள். அங்கிருந்து வட்டரங்கு, பழைய ரோமானிய மதில், பேராலயம் எல்லாம் நடைதூரம். இந்த ரோமானிய இடங்கள் மொத்தமும் 2000-ஆம் ஆண்டு யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. திங்கட்கிழமை அநேகமாக எல்லாம் மூடியிருக்கும், அன்று போகிறவர்கள் வேறு வழியைப் பாருங்கள். வட்டரங்கை மட்டும் வெளியிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு எல் செராய்யோ. துறைமுகத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பு, ரயில் நிலையத்திலிருந்து சமதளத்தில் நடந்தே போய்விடலாம். ரொமெஸ்கோ என்ற சாந்து இந்த மீனவர்களின் சமையலில் பிறந்தது. பாதாம், ஹேசல்நட், சுட்ட தக்காளி, பூண்டு, காயவைத்து ஊறவைத்த நியோரா மிளகாய், ஆலிவ் எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைத்தது. காரம் இருக்காது, மிளகாயின் மணமும் பருப்பின் கனமும்தான். அவர் மீனுக்குத் தொட்டுக்கொண்டார், நான் சுட்ட காய்களுக்கு.

இதற்கு ஒரே தடை பெட்டி. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு முதுகுப்பையோ சின்ன உருளைப்பெட்டியோ என்றால் தாராளமாகச் செய்யலாம். 28 அங்குலப் பெட்டிகள் இரண்டு வைத்திருந்தால் வேண்டாம். மேட்டிலும் படியிலும் கல்பாவிய தெருவிலும் இழுத்துக்கொண்டு போனால், ஒருவர் பெட்டிக்குக் காவல், இன்னொருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று ஆகிவிடும். ஜோடியாகப் போய்விட்டு அப்படிப் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

காம்ப் தெ தாரகோனாவைத் தாண்டியதும் லா போவெல்லாவில் யூரோமெட் ஒரு வேலை செய்யும், அதைக் கவனியுங்கள். வண்டி மெல்ல மெல்ல வேகம் குறைந்து சைக்கிள் வேகத்துக்கு வந்துவிடும். அதிவேகப் பாதையின் அகலம் 1,435 மில்லிமீட்டர். ஸ்பெயினின் பழைய பாதை 1,668. இந்த வழியில் ஓடும் டால்கோ வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரங்களின் இடைவெளியை மாற்றிக்கொள்ளும். ரயில் பெட்டியின் எடையைப் பக்கத் தாங்கிகள் ஏற்கும், சக்கரங்களின் பூட்டு விடுபடும், வழிகாட்டித் தண்டுகள் அவற்றை நகர்த்தும், மறுபடி பூட்டிக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவருக்கு அடியில் லேசான கடகட சத்தம், அவ்வளவுதான். 1,668 என்பது நம்ம பிராட் கேஜின் 1,676-க்கு எட்டே மில்லிமீட்டர் குறைவு. மீட்டர் கேஜிலிருந்து மாற்றுகிறேன் என்று வருடக்கணக்கில் மூடிக்கிடந்த பாதைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

மற்ற வழிகள்

மலிவு ரயில் நிறுவனங்களான வீகோ, இரியோ இரண்டும் பார்சிலோனா–வலென்சியா நேர்வழியில் ஓடாததற்கும் இதே பாதை அகலம்தான் காரணம். அவர்களுடைய வண்டிகளால் பழைய அகலத்தில் ஓட முடியாது. அவை மாட்ரிட்டிலிருந்து இரண்டு ஊர்களுக்கும் ஓடுகின்றன. இதைப் பார்த்துவிட்டு மாட்ரிட் சுற்றிப் போனால் மலிவா என்று கேட்பவர்கள் உண்டு. பார்சிலோனா–மாட்ரிட் 621 கிலோமீட்டர், அங்கிருந்து வலென்சியா இன்னொரு 390. 350 கிலோமீட்டர் பயணத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர். மாட்ரிட்டில் அத்தோச்சா நிலையத்தில் இறங்கி சமார்தின் நிலையத்தில் ஏற வேண்டியும் வரலாம். மாட்ரிட்டில் ஒரு நாளாவது தங்குவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

பஸ் நான்கு மணி நேரத்துக்கு மேல். கடைசி நேரத்தில் ரயில் விலை ஏறிவிட்டால் கைகொடுக்கும். வாடகைக் காரில் போனால் ஏபி-7 நெடுஞ்சாலையில் 2021 செப்டம்பரிலிருந்து சுங்கம் இல்லை, ஆனால் ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விட்டால் தனிக் கட்டணம் கேட்பார்கள். இரண்டு நகரங்களுக்குள்ளும் கார் ஒரு தொல்லை. நடுவில் பெனிஸ்கோலாவில் இறங்கிப் பார்க்கலாமா என்றால், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கோட்டை ஊர் அத்தனை அழகு, ஆனால் ரயில் நிலையம் பெனிகார்லோவில், ஏழு கிலோமீட்டர் தள்ளி. நிற்கிற வண்டிகளும் குறைவு. ஒரு ராத்திரி தங்கினால்தான் அதற்கு நியாயம். சகுந்தோவின் ரோமானிய அரங்கை வலென்சியாவிலிருந்து புறநகர் ரயிலில் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், பயண நாளில் திணிக்க வேண்டாம்.

டிக்கெட் எடுக்கும்போது

யூரோமெட் விலை விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும். முன்கூட்டி எடுத்தால் ஒருவருக்கு 20 யூரோ சொச்சத்தில்கூடக் கிடைக்கும், கடைசி நேரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் போகும். மார்ச் 15 முதல் 19 வரை வலென்சியாவில் ஃபாயாஸ் திருவிழா; அந்த வாரம் ரயில் இருக்கையும் அறையும் சேர்ந்தே விற்றுத் தீர்ந்துவிடும். மிக மலிவான கட்டணத்தில் இருக்கையை இலவசமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டு டிக்கெட்டையும் ஒரே பதிவில் எடுங்கள், பக்கத்தில் பக்கத்தில் கிடைக்க அதுதான் நல்ல வழி. பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். ஐரோப்பிய ரயில்களுக்கான யூரெயில் பாஸ் வைத்திருந்தாலும் இந்த வண்டிக்கு இருக்கை முன்பதிவு கட்டாயம், அதற்குத் தனிக் காசு.

சான்ட்ஸில் நீண்டதூர வண்டிகளுக்குப் பெட்டிகளை எக்ஸ்ரே இயந்திரத்தில் விட்டுத்தான் உள்ளே விடுவார்கள். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இறுகிய நடைமுறை. வரிசை சில நேரம் நீளும், வண்டி கிளம்புமுன்பே வாயிலை மூடிவிடுவார்கள். அரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். வலென்சியாவில் இறங்கும் ஹொவாகின் சொரோயா சாதாரணக் கட்டடம். பத்து நிமிட நடையில், தெமெத்ரியோ ரிபேஸ் வடிவமைத்து 1917-இல் திறந்த பழைய நோர்த் நிலையம் இருக்கிறது. நகர மையத்துக்கு அந்த வழியாகத்தான் போவீர்கள். முகப்பு முழுக்க ஆரஞ்சுப் பழங்களும் இலைகளும், உள்ளே பல மொழிகளில் நல்ல பயணம் வாழ்த்தும் மொசைக் சில்லுகள். பெட்டியோடாவது ஐந்து நிமிடம் உள்ளே போய்ப் பாருங்கள்.

ஆக, வலென்சியாவில் உங்களுக்கு இரண்டே ராத்திரி என்றால் காலை யூரோமெட், மறுபேச்சு வேண்டாம். பார்சிலோனாவில் இன்னும் பாக்கி இருந்தால் மாலை வண்டி. வலென்சியாவில் மூன்று ராத்திரியோ அதற்கு மேலோ, கையில் சின்னப் பெட்டி, அன்று திங்கட்கிழமையும் இல்லை என்றால் தாரகோனா வழி. இதில் முதலில் வாங்க வேண்டியது காம்ப் தெ தாரகோனாவிலிருந்து மாலை நாலு, ஐந்து மணிக்குக் கிளம்பும் வண்டியின் டிக்கெட். எடுக்கும் வண்டி அங்கே நிற்குமா என்று பார்த்து எடுங்கள். அதற்கேற்ற பஸ் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டார ரயிலுக்கு அன்று காலையில் நிலையத்து இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.